வெளியே தெரியாத நோயோடு வாழ்வது: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

லூபஸ், மூட்டுவாதம் போன்ற நீண்டகால நோய்களைக் குறித்து எங்களுக்கு வரும் கடிதங்களில், மருந்தைப் பற்றிய ஐயங்களைவிட, சொன்னதை யாரும் நம்பவில்லை என்ற வருத்தமே அதிகம் காணப்படுகிறது. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு, மூட்டு மற்றும் நோய் எதிர்ப்பாற்றல் தொடர்பான நோய்களுக்கான சிறப்பு மருத்துவர் இம்மாதம் பதிலளிக்கிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 33. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு எனக்கு லூபஸ் நோய் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். மாமனார், மாமியாரோடு ஒரே வீட்டில் வாழ்கிறோம். காலையில் விரல்களை மடக்க முடிவதில்லை. சில நாட்கள் எல்லா வேலையையும் செய்கிறேன். சில நாட்கள் எழுந்து உட்காரவே முடிவதில்லை. "குத்துக்கல் மாதிரி இருக்கிறாய், நேற்று கல்யாண வீட்டில் நன்றாகத்தானே இருந்தாய், இன்றைக்கு மட்டும் என்ன வந்துவிட்டது?" என்று மாமியார் கேட்கிறார். மாத்திரையால் முகம் உப்பியிருப்பதைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டதே என்று உறவினர்கள் மகிழ்ச்சி தெரிவிக்கிறார்கள். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பேன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, உங்கள் மாமியார் கேட்கும் கேள்விக்கு மருத்துவத்தில் தெளிவான விடை இருக்கிறது, அதை நீங்கள் தனியாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருப்பதுதான் துயரம். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்பு அமைப்பு, தன் சொந்தத் திசுக்களையே அயலவை என்று கருதித் தாக்குவதுதான் லூபஸ். இந்நோய் வருபவர்களில் 10 பேருக்கு 9 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள், அதாவது வீட்டின் பாரம் முழுவதும் ஒரு பெண்ணின் தோளில் இருக்கும் ஆண்டுகளில்தான், இது தொடங்குகிறது. தாக்குதல் ஒரே சீராக நடப்பதில்லை. சில வாரங்கள் அடங்கியிருக்கும், சில நாட்கள் கிளர்ந்தெழும். ஆகவே நேற்று நடமாடியவர் இன்று எழ முடியாமல் போவது இந்நோயின் இயல்பே தவிர, அவருடைய மனப்போக்கு அன்று.

கல்யாண வீட்டையே எடுத்துக்கொள்வோம். அதிகாலையில் எழுந்திருப்பீர்கள், உச்சி வெயிலில் பந்தலுக்கும் சமையற்கூடத்துக்கும் நடந்திருப்பீர்கள், வந்தவர்களை நின்றபடியே வரவேற்றிருப்பீர்கள். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலின் செல்களைச் சிதைக்கும்போது வெளிவரும் பொருள்கள், லூபஸ் உள்ளவர்களிடம் எதிர்ப்பாற்றலை மேலும் தூண்டிவிடுகின்றன; அதன் விளைவு அன்றைக்கே தெரியாமல் சில நாட்கள் கழித்துக்கூட வெளிப்படலாம். விழாவில் சிரித்த முகத்தைப் பார்த்தவர்கள், அதற்கு மறுநாள் நீங்கள் கொடுத்த விலையைப் பார்ப்பதில்லை. மாடியில் துணி உலர்த்துவது, மிளகாயும் வடகமும் காயப்போட்டுக் காவல் இருப்பது, பிற்பகல் 3 மணிக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நடந்து போவது ஆகியவை மற்றவர்களுக்குச் சின்ன வேலைகள். உங்களுக்கு அவை நோயைக் கிளப்பக்கூடிய வேலைகள். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலில் நிற்கும் வேலை எதுவும் உங்களுடையதாக இருக்கக் கூடாது என்பதை, வீட்டு வேலைப் பங்கீட்டில் முதல் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படி வேலையும் துணி மடிப்பதும் வேண்டுமானால் உங்களிடம் இருக்கட்டும்; மாடியும் வாசலும் வேறொருவருடையதாகட்டும்.

முகம் உப்பியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை, கொழுப்பைக் கன்னங்களிலும் கழுத்தின் பின்புறத்திலும் சேர வைக்கிறது, பசியைக் கூட்டுகிறது, நீரைத் தேக்குகிறது. நம் ஊரில் மெலிந்த உடம்பை நோய் என்றும் பூசினாற்போன்ற முகத்தை ஆரோக்கியம் என்றும் கொள்வது வழக்கமாகையால், நோய் மிகத் தீவிரமாக இருந்து மருந்தின் அளவும் அதிகமாக இருக்கும் காலத்தில்தான் "தேறிவிட்டாய்" என்ற வாழ்த்து வருகிறது. இதைக் கேட்டு மனம் நொந்து, முகம் வாட வேண்டும் என்பதற்காகவே மாத்திரையைக் குறைத்துக்கொண்ட பெண்களை மருத்துவமனையில் பார்க்கிறோம். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். நோய் அடங்க அடங்க மருத்துவரே அளவைக் குறைப்பார். முகமும் தானே பழைய நிலைக்கு வரும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். மருமகள் சொன்னால் சாக்காகப் படுவது, மருத்துவர் சொன்னால் நோயாகிறது. இது நியாயமில்லைதான், ஆயினும் வழி இதுவே. அங்கே உங்கள் சிறுநீர்ப் பரிசோதனையைக் காட்டி விளக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கும்போது வலி இருப்பதில்லை. நோயாளிக்கே ஒன்றும் தெரியாது. சிறுநீரில் புரதம் கசிவதை ஆய்வுக்கூடம்தான் முதலில் கண்டுபிடிக்கிறது. நோயைச் சுமப்பவரின் கண்ணுக்கே படாத நோய் இது என்று அறிந்த பிறகு, தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை எந்தப் பெரியவரும் சான்றாகக் கொள்ள மாட்டார். உங்கள் மாமியார் வாழ்ந்த காலத்தில், காய்ச்சலோ கட்டோ இல்லாத நோயை நோயென்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அவரைப் பகையாகக் கருதாமல், தெரியாதவராகக் கருதி அழைத்துப் போங்கள்.

இன்னொன்று: உங்கள் சோர்வு முழுவதையும் லூபஸ் கணக்கிலேயே எழுதிவிட வேண்டாம். இரத்தச்சோகை, தைராய்டு குறைபாடு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் இந்நோயோடு சேர்ந்து வருபவை. இவற்றைச் சரிசெய்ய முடியும். கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கடையை அடுத்துக் கவனிக்க வேண்டிய மகனுக்கு வயது 26. காலையில் எழுப்பினால் முதுகு வலி என்று படுத்தே இருக்கிறான். மூட்டை இறக்கச் சொன்னால் வர மறுக்கிறான். ஆனால் மாலையில் நண்பர்களோடு ஷட்டில் விளையாடுகிறான். அப்போது வலி எங்கே போகிறது? எக்ஸ்-ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். சோம்பேறித்தனத்துக்கு மருந்து உண்டா?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஐயா, நீங்கள் சோம்பேறித்தனத்துக்குச் சான்றாக எழுதியிருப்பவை, ஒரு குறிப்பிட்ட நோயின் அடையாளங்களாக இருக்கின்றன. கடிதத்தைக் கொண்டு நான் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் உங்கள் மகனைத் தாமதமின்றி மூட்டு நோய்களைக் கவனிக்கும் ருமட்டாலஜி மருத்துவர் ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

முதுகுவலி இரண்டு வகை. பாரம் தூக்கியதாலோ தேய்மானத்தாலோ வருவது, வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். நாம் எல்லாரும் அறிந்தது இந்த வகையைத்தான். அழற்சியால் வரும் முதுகுவலி இதற்கு நேர்மாறானது: ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும். பின்னிரவில் வலியால் விழிப்பு வரும்; காலையில் முதுகு இறுகிக்கிடந்து, அரை மணி நேரத்துக்கு மேல் கழிந்த பிறகே தளரும்; நடக்க நடக்க, விளையாட விளையாட இலகுவாகும். இளம் வயதில், பெரும்பாலும் 40 வயதுக்கு முன்பே, மெல்ல மெல்லத் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகுத்தண்டு அழற்சி நோயில் இப்படித்தான் நடக்கிறது. மாலையில் ஷட்டில் ஆடும்போது உங்கள் மகனுக்கு வலி குறைகிறது என்றால், அது பொய்யை அம்பலப்படுத்துவதாகாது. நோய் எந்த வகை என்பதைச் சுட்டிக்காட்டுவதாக இருக்கலாம்.

எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை என்பதும் நோய் இல்லை என்பதற்கு ஆதாரமன்று. இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் சேரும் மூட்டில் உண்டாகும் மாற்றம் எக்ஸ்-ரேயில் பதிவாகச் சில ஆண்டுகள்கூட ஆகலாம், எம்.ஆர்.ஐ. அதை முன்கூட்டியே காட்டும். எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுக் குறியீட்டுக்கான இரத்தப் பரிசோதனை, அழற்சியை அளக்கும் சி.ஆர்.பி. ஆகியவை துணைசெய்யும். ஆனால் பி27 இருப்பவர் எல்லாருக்கும் இந்நோய் வருவதில்லை, நோய் இருப்பவர் எல்லாருக்கும் பி27 இருப்பதும் இல்லை. ஆகவே முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். எப்போதாவது ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசியதுண்டா என்று மகனிடம் கேளுங்கள். உண்டென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் இந்நோய் கண்ணின் உட்புறத்தையும் தாக்கக்கூடியது.

நோய் உறுதியானால் சிகிச்சை இருக்கிறது. அழற்சி குறைக்கும் மாத்திரைகளும் தினசரி உடற்பயிற்சியும் முதற்படி. நீச்சல் மிகவும் நல்லது. புகைப்பழக்கம் இருந்தால் அதை நிறுத்த வேண்டும். இவை போதாதவர்களுக்கு, டி.என்.எஃப். என்னும் அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசிகள் உள்ளன. அவற்றைத் தொடங்கும் முன் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கிடக்கிறதா என்று பரிசோதிப்பது அவசியம், நம் நாட்டில் மிகவும் அவசியம். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து, நிமிர முடியாத கூனல் ஏற்படும் வாய்ப்பு இருக்கிறது. இந்நோயாளிகள் பலர் சரியான மருத்துவரை அடைவதற்குள் பல ஆண்டுகளை இழந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, வீட்டில் வசவு கேட்பதில் கழிகிறது.

மருத்துவரிடம் போகும் முன்பு ஒரு வேலை செய்யுங்கள். வலி இருக்கிறது என்று அவன் சொன்னதை நம்புவதாக, சுற்றிவளைக்காமல், அவனிடமே சொல்லுங்கள். காலைக் கடை வேலையை இப்போதைக்கு வேறொருவருக்குக் கொடுத்து, கணக்கையும் பிற்பகல் வியாபாரத்தையும் அவனிடம் ஒப்படையுங்கள். மாலை விளையாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இந்நோயாக இருந்தால் அதுவே அவனுக்கு மருந்தின் ஒரு பகுதி.

கேள்வி: என் வயது 25. கல்லூரி இறுதியாண்டில் லூபஸ் வந்தது. இப்போது கட்டுக்குள் இருக்கிறது. வரன் பார்க்கிறார்கள். பார்த்தால் தெரியாத நோயை எதற்காகச் சொல்ல வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் பெற்றோர். நான் என்ன செய்யட்டும்? குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சொல்லிவிடுங்கள் அம்மா. நிச்சயதார்த்தத்துக்கு முன்பு, தரகர் வழியாகவோ அத்தை வழியாகவோ அல்லாமல், மாப்பிள்ளையிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். உங்கள் பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. நோயின் பெயரைக் கேட்டதுமே எழுந்து போய்விட்ட குடும்பங்களை அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் மறைத்துத் தொடங்கும் வாழ்க்கையில் நடப்பதை நாங்கள் பார்க்கிறோம். மாத்திரை அட்டை கைப்பையின் அடியில் ஒளிந்துகொள்கிறது. யாரும் பார்க்காத நேரம் கிடைக்கும் நாளில் மட்டும் விழுங்கப்படுகிறது. பரிசோதனைக்கு ஊருக்குப் போக ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கற்பிக்க வேண்டியிருக்கிறது. புதிய இடம், தூக்கக் குறைவு, மருந்து விடுபடுதல் எல்லாம் ஒன்றுசேரும் அந்த முதல் ஆண்டில் நோய் கிளர்ந்தெழுந்தால், அதுவரை தெரியாத நோய் மிகக் கடுமையான முறையில் எல்லாருக்கும் தெரியவரும். சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் பெற்ற திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி கோர இடமளிக்கிறது. எந்த நோயை மறைத்தது இதற்குள் அடங்கும் என்பதை நீதிமன்றம்தான் வழக்குக்கு வழக்கு முடிவு செய்யும். ஆனால் அந்த வாசலுக்குப் போக நேர்வதே பெருந்துன்பம்.

சொல்லும்போது அழுதுகொண்டோ மன்னிப்புக் கேட்பதைப் போலவோ சொல்ல வேண்டியதில்லை. நோயின் பெயர், அது தொற்றாது என்பது, தினமும் எடுக்கும் மருந்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, வெயிலில் அலைய முடியாது என்பது, சில நாட்கள் ஓய்வு தேவைப்படும் என்பது, இவ்வளவு போதும். அவர் விரும்பினால் உங்கள் மருத்துவரை இருவருமாகச் சந்தியுங்கள். 1950-களில் லூபஸ் உறுதியானவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர்தான்; இன்று நல்ல சிகிச்சை பெறுபவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல். இணையத்தில் அவர் எதையாவது பார்த்துக் கலங்குவதற்கு முன்பு இதை மருத்துவர் வாயால் கேட்பது நல்லது.

குழந்தை பெற்றுக்கொள்ள முடியும், திட்டமிட வேண்டும். நோய் குறைந்தது ஆறு மாதமாவது அமைதியாக இருந்த பிறகே கருத்தரிக்க வேண்டும். மைக்கோஃபினோலேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதால், அவற்றை ஆறு வாரங்களுக்கு முன்பே நிறுத்தி, பாதுகாப்பான மருந்துக்கு மாற வேண்டும். லூபஸ் கிளர்வதைக் குறைக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைக் கர்ப்ப காலத்திலும் தொடர வேண்டும். பயந்து நிறுத்துவதுதான் ஆபத்து. ஆன்டி-ரோ, ஆன்டி-பாஸ்போலிப்பிட் என்னும் இரண்டு வகை எதிர்ப்பொருள்களுக்கான பரிசோதனையை முன்னதாகவே செய்துகொள்ளுங்கள்: முதலாவது சிசுவின் இதயத் துடிப்பை அரிதாகப் பாதிக்கும், இரண்டாவது கருச்சிதைவுக்கும் இரத்த உறைவுக்கும் காரணமாகும்; இரண்டையும் முன்பே அறிந்தால் கண்காணிக்கவும் தடுக்கவும் வழியுண்டு. லூபஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை.

கேள்வி: உடல் முழுவதும் வலி, தூங்கி எழுந்தாலும் களைப்பு, மறதி. ஈ.எஸ்.ஆர்., ஏ.என்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனைகள், எக்ஸ்-ரே எல்லாமே நார்மல். ஒரு மருத்துவர் ஃபைப்ரோமயால்ஜியா என்றார்; இன்னொருவர் எல்லாம் மனப்பிரமை என்றார். என் கணவர் இரண்டாமவரை நம்புகிறார். சில சமயம் எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் வலி உண்மையானது. மூட்டு வீங்கி, இரத்தத்தில் அழற்சி தெரியும் நோயாளிகளுக்காவது காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் இல்லை என்பதால், இந்தப் பகுதிக்கு எழுதுவோருள் அதிகமாகச் சந்தேகிக்கப்படுபவர்கள் நீங்கள்தான்.

ஃபைப்ரோமயால்ஜியாவில் பழுது தசையிலோ எலும்பிலோ இல்லை. வலிச் செய்திகளைக் கடத்தி அளவிடும் மூளையும் தண்டுவடமும் அளவுக்கு மீறிய கூர்மை அடைந்துவிடுகின்றன. மற்றவருக்கு வெறும் அழுத்தமாகத் தோன்றும் தொடுதல் உங்களுக்கு வலியாகிறது. இரத்தப் பரிசோதனை அழற்சியைத் தேடும் கருவி. இங்கே அழற்சி இல்லை, ஆகவே அது நார்மலாகவே இருக்கும். அந்தத் தாள் பிற நோய்கள் இல்லை என்று காட்டுகிறதே தவிர, நோயே இல்லை என்று காட்டவில்லை. அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 1990-இலேயே இதை வகைப்படுத்தும் அளவுகோல்களை வெளியிட்டது, 2010-இல் அவற்றை மாற்றியமைத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில், நாட்பட்ட வலி தானே ஒரு நோயாக இடம்பெற்றிருக்கிறது. மனப்பிரமை என்று சொன்னவர் இவற்றைப் படிக்கத் தவறிவிட்டார்.

மனத்துக்கு இதில் பங்கே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். தூக்கம் கெட்டால் வலி கூடும். வலி கூடினால் தூக்கம் கெடும். இரண்டுக்கும் நடுவே மனம் தளரும். தளர்ந்த மனத்துக்குச் சிகிச்சை எடுப்பதால், நோய் பொய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடாது. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் முதலிய மருந்துகள் மனச்சோர்வுக்கும் தரப்படுபவை என்பதால், மருந்துச் சீட்டைப் பார்த்துக் கணவர் தவறாக எண்ணிவிடக் கூடும். இங்கே அவை வலிச் செய்தியைத் தணிக்கவே தரப்படுகின்றன என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்தைவிடச் சிறந்த பலன் தருவது, மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சி. முதல் வாரங்களில் வலி சற்றுக் கூடலாம். நல்ல நாள் ஒன்று வந்துவிட்டதே என்று தேங்கிய வேலை முழுவதையும் அன்றே முடிக்கப் பார்த்தால் அடுத்த சில நாட்கள் வீணாகும். நல்ல நாளிலும் பாதியில் நிறுத்தப் பழகுங்கள். இந்தப் பழக்கம் உங்களை நம்பாதவர்கள் நடுவில் மிகக் கடினம், ஏனென்றால் அவர்களுக்கு நிரூபிப்பதற்காகவே நீங்கள் சக்திக்கு மீறி உழைப்பீர்கள். இந்த நிரூபிக்கும் வேலையைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

யாரிடமாவது பேசினால் தேவலை என்று தோன்றும் இரவுகளில், 14416 என்ற, அரசின் டெலி-மனாஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். முடக்குவாதத்துக்கு மருந்து எடுக்கிறேன், கை கால்களில் கோணல் ஏதும் இல்லை. நின்றபடி தேர்வுக் கண்காணிப்பு, இரண்டாம் மாடி வகுப்பு இரண்டும் முடியவில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்குமா? தலைமையாசிரியரிடம் என்ன சொல்வது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. முடக்குவாதமும் லூபஸும் அவற்றுள் தனிப் பெயராக இல்லை. மூட்டுகள் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டு இயக்கம் குறைந்திருந்தால், இயக்கக் குறைபாடு என்ற வகையில் மருத்துவக் குழு மதிப்பிடலாம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. மருந்தால் மூட்டுகளைக் காப்பாற்றி வைத்திருக்கும் உங்களுக்கு அது கிடைப்பது கடினம். தவறாமல் மருந்து எடுத்து உடலைக் காத்துக்கொண்டவர்களுக்குச் சட்டத்தில் இடம் குறைவாக இருப்பதும், ஏறி இறங்கும் நோய்களை ஒரு நாள் பரிசோதனையால் அளப்பதும் சரியில்லை என்பது என் கருத்து. சட்டம் இந்தப் பக்கமும் திரும்ப வேண்டும்.

ஆனால் உங்களுக்கு வேண்டியவை இரண்டே சிறு மாற்றங்கள். அவற்றுக்கு அட்டை தேவையில்லை. உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். அதில் நோயின் வரலாறு முழுவதும் வேண்டாம். நீண்ட நேரம் நிற்பதையும் மாடி ஏறுவதையும் தவிர்க்க வேண்டும், அமர்ந்து கண்காணிக்கலாம், தரைத்தள வகுப்பு உகந்தது என்று செய்ய வேண்டியது மட்டும் எழுதியிருக்கட்டும். நோய் அமைதியாக உள்ள நாளில், கால அட்டவணை போடப்படும் முன்பே, எழுத்து மூலமாகக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். வலி தாங்காத நாளில் போய்க் கேட்பதைவிட இது பலன் தரும்.

கேள்வி: என் மனைவிக்கு லூபஸ். ஸ்டீராய்டு விஷம், மலேரியா மாத்திரை கண்ணைக் கெடுக்கும், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நாட்டுச் சூரணம் எடு என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அவளும் தடுமாறுகிறாள். மேலும், எங்கள் 7 வயது மகள், அம்மா ஏன் எப்போதும் படுத்திருக்கிறாள் என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
– வாசகர், வேலூர்

பதில்: ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து வருவதும் ஒரே நாளில் நின்றால், இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பது மருத்துவரின் வேலை.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் மலேரியாவுக்காக வந்த மாத்திரைதான். லூபஸில் நோய் கிளர்வதைக் குறைத்து ஆயுளைக் காக்கிறது. 2020 மார்ச்சில், கொரோனாவுக்கு இது மருந்து என்ற செய்தி பரவியபோது பல நாடுகளில் லூபஸ் நோயாளிகளுக்கு இது கிடைக்காமல் போயிற்று. இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்து, மருத்துவர் சீட்டின் மேல் மட்டுமே விற்க வேண்டிய கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. தனக்கு உண்மையிலேயே நோய் உண்டு என்று மருந்துக் கடையில்கூட மெய்ப்பிக்க வேண்டிய நிலை அன்று வந்தது. கண்ணைப் பற்றிய அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. அதனால்தான் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் தருவதில்லை. தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு விழித்திரைப் பரிசோதனையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் ஒன்றும் செய்துகொண்டால், கெடுதலை முன்பே கண்டு நிறுத்திவிடலாம். சிறுநீரகக் குறைபாடு இருந்தால் இன்னும் முன்னதாகவே ஆண்டுப் பரிசோதனை தேவை.

சூரணத்தைப் பொறுத்தவரை, பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் ஆலோசிப்பதை நான் தடுக்கவில்லை. இரு மருத்துவருக்கும் இரு சீட்டும் தெரிந்திருக்கட்டும். பெயரும் உட்பொருளும் அச்சிடப்படாத பொட்டலத்தை மட்டும் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் கன உலோகங்களும், எந்த ஸ்டீராய்டுக்கு அஞ்சினார்களோ அதே ஸ்டீராய்டும் கலந்திருப்பதுண்டு. செலவுதான் தடுமாற்றத்துக்குக் காரணமென்றால், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இந்நோய்களுக்குத் தனித் துறை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும், உங்கள் ஊரிலேயே உள்ள சி.எம்.சி.யிலும் இதற்கான துறைகள் உள்ளன.

காய்ச்சல், கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, திடீர்க் குழப்பம்: இவற்றுள் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு லூபஸ் என்ற நோய், அது தொட்டால் ஒட்டாது, அவள் குறும்பு செய்ததால் வந்ததல்ல, மருந்து சாப்பிட்டு வருகிறாள் என்று நோயின் பெயரோடு சொல்லுங்கள். 7 வயதுக் குழந்தைக்குப் பெயரில்லாத ரகசியம்தான் அச்சம் தரும். அம்மா எழ முடியாத நாளில் தலை பின்னிவிடுவது யார், பள்ளிக்கு அழைத்துப் போவது யார் என்பதையும் இப்போதே பேசி வைத்து, அதன்படி நீங்கள் நடந்துகொண்டால், அம்மா படுத்திருப்பதை அவள் ஒரு குறையாக எண்ண மாட்டாள். அவள் உதவ விரும்பினால் தண்ணீர் கொண்டுவரட்டும். மாத்திரையை எடுத்துத் தரும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சில மாத்திரைகளே ஒரு சிறு குழந்தையின் இதயத்தை நிறுத்திவிடக் கூடியவை. ஆகவே மருந்துப் பெட்டி பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.